பொறியியல் வரைபடங்களும் யந்திரப் பெயர்ப்பும்

1957-ம் ஆண்டில் ஹிராகுட் அணை திறந்துவைக்கப்பட்டது. 1963-ல் பக்ரா அணை நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. 1967-ல் நாகார்ஜுனசாகரின் கால்வாய்களில் நீர் விடப்பட்டது. இவை ஒவ்வொன்றும் இரண்டு உருவங்களில் நிலைபெற்றன எனலாம். ஒன்று, ஆற்றின் குறுக்கே எழும்பி நின்ற கட்டடம். மற்றொன்று, அக்கட்டடத்தை அங்குலம் அங்குலமாக விளக்கும் வரைபடங்கள். அடித்தளத்தின் பாறை எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, கசிவுநீரை வெளியேற்றும் துளைகள் எங்கெங்கே இடப்பட்டன, மதகின் கதவுகளைத் தாங்கும் இரும்புக்கம்பிகள் எவ்வளவு கனமானவை என்பவற்றையெல்லாம் கட்டடத்தைப் பார்த்து அறிய இயலாது. அவை காங்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்கின்றன. வரைபடம் ஒன்றே அவற்றைக் காட்ட வல்லது.

அவ்வரைபடங்கள் பலவகைப்பட்டவை. மாவுப்பசை ஊட்டி மெருகேற்றிய மெல்லிய துணியில் இந்திய மையினால் வரையப்பட்டவை சில. நீலப் பின்னணியில் வெண்கோடுகள் கொண்ட பிரதிகள் சில. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இரும்பு உப்பு முறையின் வழித்தோன்றல்களே இந்த நீலப்படங்கள். பின்னாளில் வந்த அமோனியாப் பிரதிகள் இன்னும் பல. துணியின் மேல் ஒரு குவளை நீர் கொட்டினால் பசை கரைந்து துணி சுருங்கிவிடும். நீலப்படம் வெயிலில் வெளிறும். காரப் பொருள் பட்டால் நிறம் அழியும். அமோனியாப் பிரதியோ வெளிச்சத்தில் கிடந்தால் மஞ்சளித்துக் கோடுகள் மங்கிப் போகும். கறையான், வெள்ளம், ஒழுகும் கூரை ஆகியவற்றைப் பற்றி இந்நாட்டு இஞ்சினீயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

எனவே இவ்வரைபடங்களைப் பெரிய ஸ்கேனர்களில் செலுத்திக் கணிப்பொறியில் சேமிக்கும் வேலை நாடெங்கும் நடைபெறுவது வரவேற்கத்தக்கதே. ரெயில்வேயின் பாலப் படங்களும், சர்வே இலாகாவின் கிராமப் படங்களும், பொதுப்பணித் துறையின் கட்டடப் படங்களும் இவ்வாறே சேமிக்கப்பட வேண்டியவை. கிராம நில வரைபடங்களைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்கென 2008-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசாங்கத்தின் நில ஆவண நவீனமயத் திட்டம், 2016 முதல் முழுவதும் மத்திய நிதியில் நடத்தப்பட்டது. அணைகளைப் பொறுத்தவரையில் அவசரமும் சேர்ந்துகொண்டது. 2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அதன் வரம்புக்கு உட்பட்ட ஒவ்வொரு அணையையும் சுதந்திரமான நிபுணர் குழு ஒன்று விரிவாகச் சோதிக்க வேண்டும் என்றும், முதல் சோதனை சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் நிகழ வேண்டும் என்றும் விதித்தது. அணையின் வடிவமைப்பு, கட்டுமானம் ஆகியவை பற்றிக் கிடைக்கும் விவரங்களை ஆராய்வது அச்சோதனையின் பகுதி. நாட்டில் பெரிய அணைகள் ஐயாயிரத்துக்கு மேல் உள்ளன. நிபுணர் குழுவின் கைக்கு வரும் விவரம் பெரும்பாலும் ஒரு பி.டி.எஃப். கோப்பாகவே இருக்கும். அந்தக் கோப்பை நம்பலாமா என்பதே இங்கு எழும் வினா.

ஸ்கேனரிலிருந்து வெளிவருவது வழக்கமாக டிஃப் என்னும் வகைப் படக்கோப்பு. அதை எவரும் எளிதில் திறந்து பார்ப்பதற்கும், பல தாள்களை ஒரே கட்டாக வைப்பதற்கும், நெடுங்காலம் பாதுகாப்பதற்கும் ஏற்றவாறு பி.டி.எஃப். ஆக மாற்றுகின்றனர். 1993-ல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இந்த அமைப்பு 2008-ல் சர்வதேசத் தர ஸ்தாபனத்தின் தரமாயிற்று. ஆவணப் பாதுகாப்புக்கென்றே வரையறுத்த அதன் ஒரு வகை 2005-லேயே தரமாகிவிட்டது. ஆகவே பி.டி.எஃப். ஐத் தேர்ந்ததில் குறை காண்பதற்கில்லை. மாற்றும் முறையில்தான் கவனம் வேண்டும்.

ஒரு கோட்டக் காரியாலயத்தில் 20,000 தாள்கள் இருப்பதாகக் கொள்வோர், ஒவ்வொன்றையும் ஒருவர் கையால் திறந்து, மாற்றி, பெயரிட்டுச் சேமிப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமென்று கணக்கிட்டால், 40,000 நிமிஷங்கள் ஆகும். நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் இடைவிடாது உழைத்தாலும் 95 வேலை நாட்கள் கழியும். மூன்றாம் நாளே கண் சோர்ந்து, ஒரு தாளின் பெயரை மற்றொன்றுக்கு இடுவது மனித இயல்பு. இவ்வேலையைக் கணிப்பொறியே இரவு முழுவதும் தானாகச் செய்துகொள்ளுமாறு ஏற்பாடு செய்வதுதான் அறிவுடைமை. இதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இருக்க இடமில்லை. கருத்து வேற்றுமை எழுவது, அந்த இரவு வேலையில் யந்திரத்துக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம் என்பதில்தான்.

முதலில் வரைபடத்தின் பருமனை உணர்தல் வேண்டும். பொறியாளர் பயன்படுத்தும் மிகப் பெரிய பொதுத் தாளான ஏ0, 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். இதை அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், ஒரு பக்கத்தில் சுமார் 13,240, மறு பக்கத்தில் சுமார் 18,720 புள்ளிகள் விழும். மொத்தம் 24 கோடியே 80 லட்சம் புள்ளிகள். கறுப்பு, வெள்ளை என்று மட்டும் பதிந்தால் 31 மெகாபைட். சாம்பல் நிறத்தில் 248 மெகாபைட். முழு வர்ணத்தில் 744 மெகாபைட். இது சுருக்குவதற்கு முந்திய அளவு. கடிதங்களையும் ரசீதுகளையும் மாற்றுவதற்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் இப்பருமனைக் கண்டு திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

சில மென்பொருள்கள் வேண்டுமென்றே நிற்கின்றன. சிறிய கோப்புக்குள் பிரம்மாண்டமான படத்தை ஒளித்து அனுப்பிக் கணிப்பொறியை முடக்கும் தீயோர் உண்டு. அவர்களுக்கு அஞ்சிப் பாதுகாப்பு வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. இமேஜ்மேஜிக் என்னும் மென்பொருளுக்கு டெபியன் குழுவினர் வழங்கிய பதிப்புகள் பலவற்றில் அகலமோ உயரமோ 16,000 புள்ளிகளைத் தாண்டலாகாது என்ற கட்டு இருந்தது. பைதன் மொழியில் பெரிதும் பயன்படும் பில்லோ என்னும் தொகுதி, ஏறத்தாழ 9 கோடிப் புள்ளிகளில் எச்சரிக்கும். அதைப் போல் இரு மடங்கைத் தாண்டினால் படத்தைத் திறக்கவே மறுக்கும். ஏ0 தாள் இவ்விரு வரம்புகளையும் மீறுகின்றது. வரம்பு கட்டியவர் மீது பிழை இல்லை. நேர்மையான ஏ0 தாளும் அவர்கள் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரியதாய்த் தோன்றுகிறது, அவ்வளவே. இவ்வரம்பை அறிந்து, நம்பகமான மூலக் கோப்புகளுக்கு மட்டும் தளர்த்திக்கொள்வது முறையான வழி. ஆனால் வேலை நின்றுவிட்டதே என்ற அவசரத்தில், "அங்குலத்துக்கு 150 புள்ளியாகக் குறைத்துவிடு" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவதுதான் எளிய வழி. அப்பொழுது எல்லாத் தாள்களும் தடையின்றி ஓடி முடியும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணுக்கு, 400 புள்ளி வீதத்தில் கிட்டத்தட்ட நாற்பது வரிசைப் புள்ளிகள் கிடைத்தன. 150-ல் பதினைந்தே கிடைக்கும். வெளிறிய படத்தில் மூன்றுக்கும் எட்டுக்கும் உள்ள வேற்றுமை அந்தப் பதினைந்தில் தங்குவது அரிது.

அடுத்தது அளவு பற்றியது. டிஃப் கோப்பினுள் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற குறிப்பு ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும். சில ஸ்கேனர்கள் அதை எழுதுவதில்லை. சில திருத்தும் மென்பொருள்கள் அதை அழித்துவிடுகின்றன. குறிப்பு இல்லையெனில், மாற்றும் மென்பொருள்கள் சில தாமாகவே 72 என்று வைத்துக்கொள்ளும். அதன் விளைவாக, 841 மில்லிமீட்டர் அகலமுள்ள தாள் பி.டி.எஃப்.-ல் நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ளதாகவும், ஆறரை மீட்டருக்கு மேல் நீளமுள்ளதாகவும் பதிவாகும். திரையில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. படம் திரைக்குள் அடங்கியே நிற்கும். அதன் மீது அளவுகோலை வைத்து அளப்பவருக்கோ எல்லாம் ஐந்தரை மடங்கு. பழைய பி.டி.எஃப். அமைப்பில் பக்கத்தின் நீளம் 200 அங்குலத்தை, அதாவது 5.08 மீட்டரை, மீறலாகாது என்ற வரம்பும் உண்டாகையால், சில மென்பொருள்கள் அந்த இடத்தில் படத்தைச் சத்தமின்றி வெட்டியோ சுருக்கியோ விடக்கூடும். ரெயில் பாதைகளின் நெட்டுவெட்டுப் படங்கள் உண்மையிலேயே பல மீட்டர் நீளமுள்ள சுருள்களாக இருப்பதுண்டு. அவற்றுக்கு இவ்வரம்பு முதலிலேயே தெரிந்திருத்தல் அவசியம். ஜேபெக் என்னும் படவகையும் ஒரு பக்கத்தில் 65,535 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. 400 புள்ளி வீதத்தில் இது 4.16 மீட்டர்தான்.

"வரைபடத்தை அளந்து பார்க்காதே, எழுதிய அளவைப் படி" என்பது பொறியாளர்களின் பழைய விதி. நல்ல விதிதான். 1:100 அளவில் வரைந்த தாளில் உருளைகள் இழுத்ததனால் அரை சதவீதம் நீட்சி ஏற்பட்டாலே, தாளின் நெடுகிலும் 6 மில்லிமீட்டர், தரையில் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஆனால் இவ்விதி கிராமப் படங்களுக்குப் பொருந்துவதன்று. அங்கே எல்லைக்கோட்டை அளந்தே வழக்குகள் தீர்க்கப்படுவதுண்டு. மேலும், எழுதிய அளவைப் படி என்று சொல்வதற்கு, எழுதிய எண் மாறாமல் இருக்க வேண்டுமே!

எண் மாறுமா என்று கேட்போர் 2013-ம் ஆண்டு நிகழ்ந்ததை நினைவு கூர்தல் நன்று. ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்னும் கணிப்பொறி விஞ்ஞானி, ஒரு கட்டட வரைபடத்தைப் பிரதி செய்து பி.டி.எஃப். ஆக்கும் யந்திரத்தில் ஸ்கேன் செய்தபொழுது விந்தையான ஒன்றைக் கண்டறிந்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று எழுதியிருந்தது. யந்திரம் தந்த பிரதியிலோ மூன்று அறைகளும் 14.13 சதுர மீட்டராகவே இருந்தன. எழுத்து மங்கவில்லை, கறை படியவில்லை, எண்கள் அச்சடித்தாற்போல் தெளிவாக நின்றன. ஆனால் பொய்யாக நின்றன. உலகெங்கும் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவந்த யந்திர வகைகள் இக்குறையைக் கொண்டிருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. உற்பத்தியாளர் மென்பொருளைத் திருத்தி வழங்க நேர்ந்தது.

காரணம் எளிது. ஜேபிக்2 என்னும் சுருக்கும் முறை, ஒரு பக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும் சிறு உருவங்களைத் தேடி, அவற்றுள் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டவல்லது. உருவங்கள் முற்றிலும் ஒன்றானால் இதனால் தீங்கில்லை. "ஏறக்குறைய ஒன்றுபோல்" இருந்தால் போதும் என்று அனுமதிக்கும் வகையில்தான் ஆபத்து இருக்கின்றது. நாவலின் ஒரு பக்கத்தில் ஓரெழுத்து பிறழ்ந்தால் வாசகர் வாக்கியத்தின் போக்கிலிருந்து அதைத் திருத்திக்கொள்வார். வரைபடத்தில் எண்ணுக்கு முன்னும் பின்னும் வாக்கியம் இல்லை. 16 மில்லிமீட்டர்க் கம்பி 10 ஆக மாறினால், அது தவறு என்று சொல்ல அருகில் எந்தச் சொல்லும் நிற்பதில்லை. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், மூலத்தாளுக்குப் பதிலாக நிற்கவேண்டிய ஸ்கேன்களில் ஜேபிக்2 முறையை அறவே கையாளலாகாது என்று பின்னர் விதித்தது. இந்நாட்டின் இலாகாக்களும் தத்தம் டெண்டர் நிபந்தனைகளில் இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படத்துக்கு ஏற்ற முறை வேறொன்று, 1984-ம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. ஃபாக்ஸ் யந்திரங்களுக்காகச் சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு வெளியிட்ட நான்காம் தொகுதி முறை அது. ஒவ்வொரு வரிசையும் அதற்கு மேல் உள்ள வரிசையிலிருந்து எங்கெங்கே மாறுபடுகின்றது என்பதை மட்டுமே இம்முறை குறித்துக்கொள்ளும். வரைபடத்தில் பெரும்பகுதி வெள்ளை; கோடுகளோ வரிசைதோறும் தொடர்ந்து செல்பவை. எனவே 31 மெகாபைட் உள்ள ஏ0 படம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மெகாபைட்டில் அடங்கிவிடும். ஒரு புள்ளிகூட இழக்கப்படுவதில்லை. இதற்கு மேலும் ஒரு சிறப்பு உண்டு. டிஃப் கோப்பினுள் இம்முறையில் சுருக்கப்பட்ட செய்தியை விரிக்காமலே, இருந்தது இருந்தவாறே எடுத்துப் பி.டி.எஃப். என்னும் உறைக்குள் வைத்துவிடலாம். பி.டி.எஃப். அமைப்பு இம்முறையை நேரடியாக ஏற்கின்றது. கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள்களிலேயே இதைச் செய்பவை உள்ளன. படத்தை விரித்து, மறுபடி வரைந்து, வேறு முறையில் சுருக்கும் மென்பொருளுக்கு நிமிஷக்கணக்கில் ஆகும் வேலை, உறை மட்டும் மாற்றும் மென்பொருளுக்கு ஒரு விநாடியில் முடிந்துவிடும். நினைவகமும் மிகுதியாக வேண்டுவதில்லை. மேலே சொன்ன வரம்புகளும் பெரும்பாலும் குறுக்கிடா.

வேகத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று இதனால் விளைகின்றது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. மாற்றம் சரியாக நடந்ததா என்று எவ்வாறு அறிவது? வழக்கமான ஏற்பாடு, நூற்றுக்கு ஒன்று வீதம் தாள்களை எடுத்து ஒருவர் பார்ப்பது. 20,000 தாள்களில் 200 தாள்கள் பார்க்கப்படும். ஆயிரத்துக்கு ஒரு தாள் கெட்டிருப்பதாகக் கொண்டால் மொத்தம் 20 தாள்கள் கெட்டிருக்கும். இந்த 200-ல் அவற்றுள் ஒன்றுகூட அகப்படாமல் போவதற்குரிய வாய்ப்பு 82 சதவீதம். அதாவது, "சோதித்தோம், பிழை இல்லை" என்று சான்று எழுதிய பின்னும் இருபது தாள்கள் கெட்டே இருக்கக்கூடும். அச்சான்றை எழுதியவர் பொய் சொன்னவர் ஆகார். அந்த இருபதில் ஒன்று மதகுக் கதவின் படமாக இருக்கலாம்.

புள்ளி இழக்காத முறையிலோ எல்லாத் தாள்களையும் யந்திரமே சோதிக்க முடியும். பி.டி.எஃப்.-லிருந்து படத்தைத் திரும்ப எடுத்து, மூல டிஃப் கோப்பின் படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒன்று அல்லது ஒன்றல்ல. இடைப்பட்ட விடை கிடையாது. புள்ளி இழக்கும் முறையில் இச்சோதனைக்கு இடமே இல்லை. அங்கு இரண்டும் ஒருபோதும் ஒன்றாகா. எவ்வளவு வேறுபட்டால் தவறு என்று யந்திரத்துக்குச் சொல்லித்தரவும் எவராலும் இயலாது. மனிதக் கண்ணே பார்க்க வேண்டும். மனிதக் கண்ணோ நூற்றுக்கு ஒன்றுதான் பார்க்கும். ஆகவே புள்ளி இழக்காத முறையை வற்புறுத்துவது அழகுக்காகவோ, பழைமைப் பற்றினாலோ அன்று. தானாக நடக்கும் வேலையைத் தானாகவே சரிபார்க்க வேறு வழி இல்லை என்பதற்காக.

சிக்கனம் பேசுவோருக்கும் விடை உண்டு. 20,000 ஏ0 தாள்களையும் முழு வர்ணத்தில், சற்றும் சுருக்காமல் வைத்தால்கூடச் சுமார் 15 டெராபைட் ஆகும். இது இன்று விற்பனைக்குக் கிடைக்கும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் அடங்கக்கூடியது. மூன்று பிரதிகள் வெவ்வேறு ஊர்களில் வைப்பதானாலும் மூன்று டிஸ்க்குகளே. இலாகா ஒன்று இச்செலவைச் சேமிக்கும்பொருட்டு ஓர் அணையின் வரைபடத்தைப் பணயம் வைக்க வேண்டுவதில்லை.

வர்ணம் பற்றிய விஷயம் இன்னும் நுட்பமானது. வரைபடங்களுள் மிகவும் மதிப்புள்ளவை, கட்டியபின் உள்ளபடி திருத்தப்பட்டவை. காரியாலயத்தில் வரைந்தது ஒன்று, பாறையின் நிலையைக் கண்டு களத்தில் கட்டியது வேறொன்று. அவ்வேறுபாட்டைக் களத்து இஞ்சினீயர் சிவப்பு மையினாலோ பென்சிலினாலோ தாளின் மீதே குறித்திருப்பார். ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு வெள்ளை என்று தீர்மானித்துவிட்டால், குறிப்பிட்ட கருமைக்கு மேற்பட்டது கறுப்பு, கீழ்ப்பட்டது வெள்ளை என்று யந்திரம் பிரிக்கும். 1979-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஓட்சு இந்தப் பிரிகோட்டைப் படத்திலிருந்தே கணக்கிடும் முறை ஒன்றைத் தந்தார். இன்றும் அது பெருவழக்காக உள்ளது. சீரான தாளில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அம்முறை எண்ணுவது புள்ளிகளின் தொகையைத்தான். பொறியாளரின் மெல்லிய பென்சில் குறிப்பு, தொகையில் அற்பம். எனவே வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். சிவப்பு மை கறுப்பாகி, பழைய கோடு எது, திருத்திய கோடு எது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகும். முந்திய குறையில் எண் பொய்யாயிற்று. இங்கே திருத்தமே மறைந்துவிடுகின்றது. மூல டிஃப் கோப்பிலேயே இழந்ததைப் பி.டி.எஃப். மாற்றத்தின் எந்தச் சோதனையும் மீட்டுத் தராது.

ஆகவே தாள்களை முதலில் வகை பிரிப்பது அவசியமாகின்றது. திருத்தக் குறிப்பு உள்ளவை, நீலப்படங்கள், வெளிறிய அமோனியாப் பிரதிகள் ஆகியவை வர்ணத்தில் ஸ்கேன் செய்யப்பட வேண்டும். தெளிவான துணிப்படங்கள் கறுப்பு வெள்ளையில் ஆகலாம். எது எது என்று பிரிப்பது யந்திரத்தின் வேலை அன்று. அந்த இலாகாவில் வரைபடக்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை ஸ்கேனரின் பக்கத்தில் உட்கார வைத்தால், தாளைக் கையில் எடுத்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார். தாள் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று குறைந்த விலைக்கு விடப்படும் ஒப்பந்தத்தில் அவருக்கு இடமில்லாமல் போவது பெருங்குறை. வேகமாகத் தாள் தள்ளுவோருக்கே அம்முறையில் ஆதாயம். நின்று பார்ப்பவருக்கு நஷ்டம்.

இரவு வேலையின் ஒழுங்கைப் பற்றியும் சில சொல்லவேண்டும். வெவ்வேறு உறைகளிலிருந்து வந்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் 001, 002 என்றே பெயர் இருப்பது சர்வசாதாரணம். அவற்றை ஒரே இடத்தில் கொட்டும் ஏற்பாட்டில் இரண்டாவது 001 முதலாவதின் மேல் எழுதப்பட்டு, முதலாவது சுவடின்றி மறையும். இருக்கும் கோப்பின் மேல் எழுதாதே என்பது முதல் கட்டளையாக இருத்தல் வேண்டும். மாற்றமுடியாத தாள் வந்தால் வேலை முழுவதும் நின்றுவிடவும் கூடாது, அத்தாளைச் சொல்லாமல் தாண்டிப் போகவும் கூடாது. தனியே ஒதுக்கி, பெயரைப் பட்டியலில் எழுதி, மேலே செல்ல வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றால், அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பு முழுமையானதுபோல் கிடக்கலாகாது. எனவே வேறு பெயரில் எழுதி முடித்து, சோதித்த பின்பே உரிய பெயரைச் சூட்டுவது நல்லது. உள்ளே போன தாள்களின் எண்ணிக்கையும், வெளியே வந்தவை, ஒதுக்கப்பட்டவை ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் காலையில் ஒத்திருக்க வேண்டும். பண்டகசாலைக் குமாஸ்தா நாள்தோறும் செய்யும் கணக்குத்தான் இது.

ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறைப்படி ஒரு கைரேகை எடுத்துவைக்கும் வழக்கமும் இன்றியமையாதது. கோப்பில் ஒரே ஒரு துணுக்கு மாறினாலும் அக்கைரேகை முற்றிலும் மாறிவிடும். நான்காம் தொகுதி முறையில் ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையைச் சார்ந்து நிற்பதால், டிஸ்க்கில் ஏற்படும் சிறு பழுதும் அதற்குக் கீழுள்ள படம் முழுவதையும் குலைக்கக்கூடும். பழுது நேர்ந்ததை உடனே அறிந்தால் மற்றொரு பிரதியிலிருந்து மீட்கலாம். பத்து ஆண்டுகள் கழித்து அறிந்தால், அதற்குள் எல்லாப் பிரதிகளும் அதே பழுதைப் பெற்றிருக்கும்.

படத்தின் மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தை யந்திரத்தைக் கொண்டே படித்து, வரைபட எண்ணைக் கோப்பின் பெயராக இடும் முயற்சிகள் நடைபெறுகின்றன. கையால் எழுதிய பழைய எண்களை யந்திரம் படிப்பதில் தவறுவது இயல்பு. அது ஊகித்ததை ஒருவர் பார்த்து உறுதி செய்தால் வேலை எளிதாகும். உறுதி செய்யாமல் விட்டால், திருத்தம் 3 என்றிருக்க வேண்டிய தாள் திருத்தம் 8 என்று பதிவாகிப் புதிய படமாக வேடம் பூண்டு நிற்கும்.

இறுதியாக, மூலத்தாள்களைப் பற்றிய கேள்வி. மாற்றம் முடிந்ததும் அலமாரிகளைக் காலி செய்து இடம் பெறலாம் என்ற ஆசை ஒவ்வொரு காரியாலயத்திலும் உண்டு. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணு ஆவணங்களைச் செல்லுபடியாகும் ஆவணங்களாக ஏற்கின்றது. ஆனால் பாதுகாக்கப்படும் ஆவணம் முதலில் இருந்த செய்தியைத் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், மத்திய அரசாங்கத்தின் ஆவணங்களை விதித்த முறைப்படியன்றி அழிக்கலாகாது என்கின்றது. 1892-க்கு முற்பட்டவற்றுக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு அளிக்கின்றது. மாகாண இலாகாக்களின் அணைப்படங்களும் பாலப்படங்களும் இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்பவை. அவற்றின் விதி அந்தந்தக் காரியாலயத் தலைவரின் கையெழுத்தில் இருக்கின்றது. துணிப்படங்களைப் பழைய பொருளாக எடைபோட்டு விற்கும் உத்தரவில் அவர் கையெழுத்திடுமுன், புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்ட பட்டியலையும், ஒதுக்கப்பட்ட தாள்களின் பட்டியலையும், எந்தத் தாள்கள் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யப்பட்டன என்ற பட்டியலையும் தம் மேஜைக்கு வரவழைத்துப் பார்க்க வேண்டும். அம்மூன்றும் இல்லையெனில் துணிகள் அலமாரியிலேயே இருக்கட்டும்.